அடைப்புக்குறிக்குள் இருக்கும் பொறுப்பு

பல்கலைக்கழகக் கணினி மையத்தின் வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். பெயர், பட்டங்கள், கீழே 'இயக்குநர்', அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு'. அலுவலகத் தமிழ் பழகியவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: இந்த நாற்காலிக்கு ஆள் இன்னும் போடவில்லை, வேறு வேலை உள்ள ஒருவர் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். நான் 27 ஆண்டுகள் வேலை பார்த்த மையத்தில் அந்தப் பலகையில் பெயர் ஒன்பது முறை மாறியது. அடைப்புக்குறி மட்டும் அப்படியே இருந்தது.

ஓய்வுபெற்று வல்லத்துக்குப் பக்கத்தில் வீட்டோடு இருக்கும் என்னைச் சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவர் தேடி வந்தார். டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர். அடுத்த கூட்டத்துக்கான பொருள் நிரலில் ஒரு வரி: தகவல் தொழில்நுட்பத்துக்குத் தலைமை ஏற்க யாரை நியமிப்பது? நான்கு வழிகளைப் பதிவாளர் அலுவலகம் குறிப்பில் எழுதியிருந்தது. இப்போது இருப்பதுபோல ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு. தொழில்துறையிலிருந்து ஒருவரை ஒப்பந்தத்தில் எடுப்பது. மொத்தத்தையும் ஒரு நிறுவனத்திடம் விட்டுவிடுவது. உள்ளேயே இருக்கும் தொழில்நுட்ப அலுவலர் ஒருவரை உயர்த்துவது. "நீங்கள் சொல்லுங்கள் சார், எது சரி?" என்றார்.

அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: நான் சிஸ்டம் அனலிஸ்டாக இருந்தவன். நான்காவது வழியில் குறிப்பிடப்படும் ஆள் என் இனம். என் சாய்வைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

வேலை என்ன என்பதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. பழுதான கணினியைச் சரிசெய்வது, இணையதளத்தில் துணைவேந்தர் படத்தை மாற்றுவது, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது ஆய்வகத்தில் எல்லாத் திரைகளும் எரிவதைப் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான் என்று ஆட்சிக்குழுவில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். உண்மையில் டெல்டாவில் பல்கலைக்கழகத்தின் ஆண்டும் காவிரியின் ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே ஓடுகின்றன. தண்ணீர் இருக்கிற ஆண்டுகளில் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும். இங்கே மாணவர் சேர்க்கைக்கான மதகும் அந்த வாரங்களில்தான் திறக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, இடி, மின்வெட்டு. அப்போதுதான் பருவத் தேர்வு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் தின்று கொழுத்த எலிகள் வரப்பை விட்டுக் கட்டடங்களுக்குக் குடிவரும். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் விடுதிக் கேபிள் அந்த மாதங்களில்தான் அறுபடும். எலிக்குச் செம்புக் கம்பி, கண்ணாடி இழை என்ற பேதம் கிடையாது.

இதன் மேல் மாணவரின் பெயர் என்கிற பிரச்சினை. சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தே இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற வேண்டிய மாணவிக்கு இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பணம் வராது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண், கவுண்டரில் தன் பெயரை ஐந்து முறை எழுத்துக்கூட்டிச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது முறை அவள் அழுதுவிட்டாள். அந்தப் பெயரைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டபோது எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. தேர்வுப் பிரிவு கணினி மையத்தைக் காட்டியது, நாங்கள் சேர்க்கைப் பிரிவைக் காட்டினோம்.

சட்டமும் சேர்ந்துகொண்டது. கணினிப் பாதுகாப்பில் ஒரு மீறல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் பதிவுக் குறிப்புகளை (லாக்) 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகக் கால் பங்கு மின்சாரம், கால் பங்கு கோப்பு, கால் பங்கு சட்டம், மீதிக் கால் பங்குதான் கணினி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஆளைத் தேட வேண்டும்.

பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு

இதில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்தியாவில் இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1986-ல் தொடங்கிய, கல்வி, ஆய்வு நிறுவனங்களைக் கணினி வழி இணைக்கும் எர்நெட் திட்டத்தின் வழியாக ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு அறிவியல் நிறுவனமும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும்தான். எங்கள் மையத்திலும் 2010-க்குப் பிறகு தேசிய அறிவு வலையமைப்பின் ஜிகாபிட் இணைப்பு வந்தது ஒரு பேராசிரியரின் விடாப்பிடியால். டெல்லிக்கு யாருக்கு எழுத வேண்டும், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் உண்டு. கல்விக் குழுவில் ஒரு பேராசிரியரை இன்னொரு பேராசிரியர்தான் மறுத்துப் பேச முடியும்.

ஆனால் அவருக்கு நேரம் இல்லை. வகுப்பு, முனைவர் பட்ட மாணவர்கள், ஆய்வுத் திட்டம், வாய்மொழித் தேர்வுகள், இவற்றுக்கு நடுவில் மாலை நான்கு மணிக்குக் கணினி மையக் கோப்புகள். அவருடைய பதவி உயர்வு கட்டுரைகளால் வருகிறது. விடுதியில் வைஃபை வேலை செய்வதால் வருவதில்லை. மூன்று ஆண்டு முடிந்தால் சுழற்சியில் இன்னொருவர். புதியவருக்கு எது எங்கே இருக்கிறது என்று புரியவே ஓராண்டு போய்விடும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தேர்வு மதிப்பெண்கள் இருந்த சர்வரில் ஐந்து ஹார்டு டிஸ்க்குகள். ஒன்று பழுதானாலும் மீதி நான்கும் தரவைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு. இரண்டு பழுதானால் எல்லாம் போய்விடும். ஒரு நவம்பர் மாதம் புதன்கிழமை காலை மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு பச்சையிலிருந்து செம்மஞ்சளாக மாறியிருந்தது. சர்வர் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. புதிய டிஸ்க்கின் விலை சுமார் பதினெட்டாயிரம் ரூபாய். அன்றே குறிப்பு எழுதி வைத்தேன். கோப்பு முதலில் இயக்குநரிடம் போக வேண்டும், பிறகு நிதி அலுவலர், பிறகு பதிவாளர். இயக்குநர் (பொறுப்பு) வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்வையிடும் குழுவில் போயிருந்தார். அங்கிருந்து நேரே ஒரு வாய்மொழித் தேர்வு. அவர் இல்லாதபோது கையெழுத்திட வேறு யாருக்கும் அதிகாரம் தரப்படவில்லை. பீப் சத்தம் தாங்காமல் இரவுக் காவலர் என்னைத் தொலைபேசியில் கேட்டார். நான்தான் சத்தத்தை நிறுத்தும் பொத்தானைச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு எல்லோருக்கும் அது மறந்தேபோனது. பதினோராம் நாள், சனிக்கிழமை மதியம், ஐந்தாவது விளக்கும் செம்மஞ்சளானது.

கடைசிக் காப்புப் பிரதி செவ்வாய்க்கிழமை எடுத்தது. நான்கு நாள் மதிப்பெண்கள் இல்லை. தேர்வுப் பிரிவிலிருந்து ஃபாயில் எனப்படும் மதிப்பெண் தாள்களின் கட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து, பதினான்கு பேர் இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். ஒருவர் எண்ணைப் படிக்க ஒருவர் தட்டச்சு செய்ய, விடியற்காலை மூன்று மணிக்கு '47', '74' என்ற இரண்டு எண்களுக்கும் காதில் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். காப்புப் பிரதி ஏன் நாள்தோறும் எடுக்கப்படவில்லை என்று கேட்டால், அது என் தவறு. அதை அந்தப் பேராசிரியர் தலையில் வைக்கமாட்டேன். ஆனால் இருபதாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்திடும் உரிமை அந்தக் கட்டடத்துக்குள் யாருக்காவது இருந்திருந்தால், அன்று மாலையே திருச்சியில் டிஸ்க் வாங்கி இரவுக்குள் மாட்டியிருக்கலாம். அவர் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பில் கையெழுத்திட்டார். தேதியோடு.

வெளியிலிருந்து ஒருவர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு காலத்தில் ஆய்வுக்கான கணினியும் நிர்வாகத்துக்கான கணினியும் தனித்தனி ராஜ்யங்கள். 1980-களில் இரண்டையும் ஒருவர் கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். தலைமைத் தகவல் அலுவலர் என்ற பதவி அங்கே வேரூன்றியது. இரு பக்கத்தின் சங்கங்களும் 1998-ல் இணைந்து எடுகாஸ் என்ற ஒரே அமைப்பாயின. நம் ஊரில் அந்த இரண்டு ராஜ்யங்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன: ஆய்வகம் ஒரு பக்கம், தேர்வுப் பிரிவின் கணினி அறை ஒரு பக்கம், நடுவில் பூட்டு. 'வெளியிலிருந்து தொழில்முறை ஆளைக் கொண்டுவாருங்கள்' என்று சொல்பவர்கள் இந்தப் பூட்டை உடைக்க ஒருவரைத் தேடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான்.

எங்களிடமும் ஒருவர் வந்தார். பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருபதாண்டு இருந்தவர், இரண்டாண்டு ஒப்பந்தம். வந்த இரண்டாம் வாரம் அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை: "தற்காலிகச் சான்றிதழுக்கு ஏன் ஏழு கையெழுத்து?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விசாரித்ததில் இரண்டு கையெழுத்து, எப்போதோ ஒழிக்கப்பட்ட பிரிவுகளுக்கு உரியவை. ஆள் இல்லாததால் அந்த இடத்தில் வேறு யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு மூன்றானது. உள்ளே இருந்த எங்களுக்கு அந்த ஏழும் ஊரில் இருக்கிற மரம்போல; இருக்கிறது, அவ்வளவுதான். வெளி ஆளுக்குத்தான் அது கண்ணில் பட்டது.

பதினான்காம் மாதம் அவர் போய்விட்டார். சம்பளம் மட்டும் காரணமில்லை. அவர் நிதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அரசுப் பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் வராது, கோப்புக்குத்தான் பதில் வரும். அந்தக் கோப்பும் தானாக நடக்காது. அதை யாராவது மேசை மேசையாக நடத்திக்கொண்டு போக வேண்டும். தணிக்கை ஆட்சேபணை என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் ஆட்சேபணை வந்த அன்று அவர் முகம் வெளிறிப்போனது.

இருந்தாலும் இந்த வழியை இன்று நான் முன்பைவிட மதிப்பாகப் பார்க்கிறேன். பத்தாண்டுக்கு முன் சென்னை, பெங்களூரிலிருந்து ஒருவரைத் தஞ்சாவூருக்கு இழுப்பது கடினம். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் திரும்பியவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. வயதான பெற்றோர், இரண்டு வேலி நிலம், போதும் என்ற மனநிலை. 2024-ல் தஞ்சாவூரிலேயே டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது; திருச்சி நவல்பட்டில் ஏற்கெனவே எல்காட் பூங்கா இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில், உள்ளூரில், அனுபவத்தோடு ஆள் கிடைக்கிறார். அவருக்குத் தேவை கோப்பை நடத்தத் தெரிந்த ஒரு துணை ஆள். அந்தத் துணையில்லாமல் அவரைத் தனியாக உள்ளே விட்டால் ஓராண்டில் ஓடிவிடுவார்.

நிறுவனத்திடம் ஒப்படைப்பது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கொஞ்சம் சூடாகிவிடும், ஆகவே நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிவு வெளியாகும் மாலையை நினைத்துப் பாருங்கள். இணைப்புக் கல்லூரிகள் உள்ள பல்கலைக்கழகத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் வரும் கூட்டம் மற்ற நாள்களில் ஒரு மாதத்துக்கும் வராது. மாணவர், அப்பா, மாமா, ஊரில் உள்ள பிரவுசிங் சென்டர்க்காரர், எல்லோரும் ஒரே பதிவெண்ணைத் தட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பெரிய சர்வரை வாங்கி ஆண்டு முழுவதும் ஏ.சி. போட்டுக் காப்பாற்றுவது மடத்தனம். மேகக் கணினியில் இரண்டு மணி நேரத்துக்கு இடம் எடுத்து, முடிந்ததும் விட்டுவிடலாம். அதை நிறுவனங்கள் நன்றாகவே செய்கின்றன.

தலைமையையே அவர்களிடம் கொடுப்பது வேறு. தமிழ்நாட்டில் அரசு அமைப்புகளின் கொள்முதல் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கிறது. நல்ல சட்டம். ஆனால் தொழில்நுட்ப உறையில் தேறியவர்களில் விலை உறையில் குறைந்தவர்தான் ஜெயிப்பார். நாற்காலி மேசைக்கு அது போதும். மூன்றாண்டில் ஒப்பந்தம் முடிந்து இன்னொரு நிறுவனம் வரும்போது, பழைய நிறுவனம் தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தர வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்றால் என்ன ஆகும்? எங்களுக்கு ஆனது இது: மாணவர் சேர்க்கைத் தரவைக் கேட்டபோது, பல ஆயிரம் விண்ணப்பங்களைப் பி.டி.எஃப். படங்களாகக் குறுந்தகட்டில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் தரவைக் கொடுத்துவிட்டார்கள்தான். நெல்லைக் கேட்டவனுக்கு நெல்லின் புகைப்படத்தைக் கொடுத்த கதை.

இலவசமாகக் கிடைப்பதும் இதே சங்கதிதான். கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாச் சேமிப்பிடம் தந்துகொண்டிருந்தது. 2021-ல் அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. அது அவர்கள் உரிமை. நம் பக்கத்தில் அந்த அறிவிப்பைப் படித்து, யாருடைய கோப்புகளை எங்கே மாற்றுவது என்று முடிவெடுக்க ஒருவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத்தை எழுதவும், படிக்கவும், முறிக்கவும் நம் சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் மூன்றாவது வழி ஒரு வழியே இல்லை. நண்பரிடமும் இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொன்னேன்.

உள்ளேயே வளர்ந்தவர்

இவர் யார் என்று வெளியில் யாருக்கும் தெரியாது; ஆனால் எல்லோரிடமும் இவருடைய கைப்பேசி எண் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அன்று காலை எங்கள் வளாகத்துக்கு, விழுந்த மரங்களைத் தாண்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மின்பணியாளரும் என்னுடைய இளைய சகா ஒருவரும். ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் இருக்கிறது, எந்தச் சர்வரை அணைத்தால் எது நிற்கும், எதை ஓடவிட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இயக்குநர் பொறுப்பில் யார் இருந்தார் என்பது அன்று யாருக்கும் நினைவுக்கே வரவில்லை.

இத்தகைய அறிவு எழுத்தில் இருப்பதில்லை. ஓர் உதாரணம். 1990-களில் பட்டச் சான்றிதழுக்குத் தமிழில் பெயர் அடித்தது ஒரு எழுத்துருவில், 2003-க்குப் பிறகு வேறொன்றில். இரண்டும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றம் அல்ல. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தமிழுக்கென்றே வகுத்த டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்த பிறகு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய எழுத்துருக்களில் 'கோமதி' என்ற பெயரின் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ககரத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும்; யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றி நிரல் தவறினால் கோமதியின் கொம்பு தனியாக முன்னால் நின்று, ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு விழிக்கும். சௌந்தரராஜன்கள் பட்ட பாடு இன்னும் மோசம். எந்தத் தொகுதி எந்த எழுத்துரு என்று தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார், இன்னொருவன் நான்.

இங்கேதான் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மதிப்பெண் பட்டியல் நிரல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் நான் எழுதியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது. 2015 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை முற்றிலும் நிறுத்தியது. எங்கள் நிரல் அதற்குப் பிறகும் ஓடியது, ஏனென்றால் நான் ஓடவிட்டேன். மாற்ற வேண்டும் என்று வந்த ஒவ்வொரு யோசனைக்கும் என்னிடம் ஒரு தடை இருந்தது: கருணை மதிப்பெண் விதி சிக்கலானது, பழைய பாடத்திட்ட மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்தப் பருவம் வேண்டாம். எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் நான் விடுப்பில் போனால் பட்டமளிப்பு விழா தள்ளிப்போகும் என்பதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது என்பதும் உண்மை. உள் ஆளின் நோய் இது. வாய்க்காலுக்குக் காவல் போட்டவன் மதகின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குவதுபோல.

இன்னொரு குறை அவர் தவறல்ல. ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் என்ற கோடு நம் பல்கலைக்கழகங்களில் கல்லணைபோல உறுதியானது. கூட்டத்தில் துறைத் தலைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டம் அனலிஸ்ட் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். புலத் தலைவர் ஒருவர் மாணவர் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைத் தன் உதவியாளருக்குக் கொடுக்கச் சொன்னபோது 'முடியாது' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கொடுத்தேன். அந்த உதவியாளர் அதை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தார்.

எந்தப் பல்கலைக்கழகம்?

நண்பர் எதிர்பார்த்தது ஒரே பதில். டெல்டாவில் பல்கலைக்கழகங்களே ஒரே மாதிரி இல்லை. 1981-ல் தஞ்சாவூரில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடியும் அகராதியும் ஆய்வுமாக வாழும் இடம். அங்கே தகவல் தொழில்நுட்பம் என்றால் முதலில் எண்மமாக்கமும் நீண்டகாலப் பாதுகாப்பும். சுவடியின் அருமை அறிந்த ஒரு பேராசிரியர் தலைமை தாங்கினால் நான் குறைசொல்லமாட்டேன். நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம்போன்ற துறைசார் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய அமைப்பு தேவைப்படாது. முழுநேரமாக ஒருவர், கூடவே இரண்டு பேர் போதும். சிதம்பரத்தில் 1929-லிருந்து இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வளாகத்திலேயே ஓர் ஊர். விடுதி, தொலைநிலைக் கல்வி எல்லாம் சேர்ந்த இடத்தில் அரை நேரத் தலைமை என்பது பேச்சுக்கே இடமில்லாதது. இத்தகைய பெரிய வளாகங்களில் கடைமடைப் பிரச்சினையும் உண்டு: ஜிகாபிட் தலைமடையான நிர்வாகக் கட்டடத்துக்கு வரும், கடைசி விடுதியின் மூன்றாம் மாடிக்குச் சொட்டும்.

திருவாரூர் நீலக்குடியில் 2009-ல் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக டெல்லிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சமர்த் என்ற நிர்வாக மென்பொருள் இருக்கிறது. சேர்க்கை முதல் சம்பளம் வரை நாற்பதுக்கு மேற்பட்ட கூறுகள். அங்கே தலைவர் மென்பொருள் எழுத வேண்டியதில்லை, வந்ததை ஊருக்கு ஏற்ப உட்காரவைக்கத் தெரிந்தால் போதும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் காசோலையில் கையெழுத்து ஒரே நாளில் விழும். வெளி ஆளை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

நண்பருடையது இணைப்புக் கல்லூரிகள் நிறைந்த அரசுப் பல்கலைக்கழகம். தேர்வுதான் அதன் உயிர். அங்கே உள் ஆள்தான் என்று சொன்னேன். ஆனால் இப்போது இருக்கிற உருவத்தில் அல்ல. அடைப்புக்குறி இல்லாத நியமனம், ஐந்தாண்டுக்கு. பதிவாளர் வழியாக அல்லாமல் நேரே துணைவேந்தருக்குப் பதில் சொல்பவராக. ஒரு லட்சம் ரூபாய் வரை அவசரக் கொள்முதலுக்கு அவர் கையெழுத்தே போதும் என்று ஆட்சிக்குழுத் தீர்மானம். கணக்கை மாதந்தோறும் நிதி அலுவலர் பார்க்கட்டும். ஆண்டுதோறும் தூர்வாரப் பணம் ஒதுக்குவதுபோலப் பராமரிப்புக்கு ஒரு தலைப்பு. தண்ணீர் திறந்த பிறகு தூர்வாருவதில் பயனில்லை என்று டெல்டாக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் அவருக்கு நாற்காலி. பேராசிரியர்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று, அவருக்குப் பதிலாக 'முடியாது' என்று சொல்வதற்காகவே. அப்புறம், என் போன்றவர்களின் நோய்க்கு மருந்தாக, இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவரை மூன்று மாதம் வரவழைத்து எல்லாவற்றையும் 'ஏன்?' என்று கேட்கவிடுவது. முடிவு வெளியாகும் நாள் கூட்டத்தை மட்டும் நிறுவனத்திடம் கொடுங்கள், தரவைத் திருப்பித் தரும் வடிவத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டு.

"உள்ளே அப்படி ஆள் இல்லாவிட்டால்?" என்றார். அப்படியானால் நான் சொன்ன, ஊருக்குத் திரும்பிய நாற்பத்தைந்து வயதுக்காரரைத் தேடுங்கள். உள்ளேயிருந்து கோப்பு தெரிந்த ஒரு கண்காணிப்பாளரை அவரோடு கட்டிப்போடுங்கள். இரண்டாவது தேர்வு அதுதான். பேராசிரியர் மூன்றாவது.

நேர்காணலில் என்ன கேட்பது என்று கேட்டார். நெட்வொர்க், பாதுகாப்பு எல்லாம் நிபுணர் கேட்கட்டும். நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள் என்றேன்: கடைசியாக எந்தத் தேதியில் ஒரு காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தீர்கள்? எடுத்த தேதியைச் சொன்னால் விடாதீர்கள், மீட்டுப் பார்த்த தேதி வேண்டும். பொருள் நிரல் தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமல் யோசித்தார்.

"எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது இதற்குப் பதில் யாரிடம் கேட்பது சார்?"

"பலகையில் பெயர் இருப்பவரிடம்தான்."

"அவரைப் பார்க்கத்தான் காலையில் போனேன். வாய்மொழித் தேர்வுக்குக் காரைக்குடி போயிருக்கிறாராம். திங்கட்கிழமை வருவார் என்றார்கள்."